ஒருமனதாகத் தூக்கிய கைகள்

புது பாய்லர் வாங்குவதென்று தீர்மானம் போட்ட அன்று சபைக் கமிட்டியில் தூக்கப்பட்ட வலது கைகள் எல்லாம், கீழே இறங்கியபோது மரத்துப்போயிருந்தன. அதற்குப் பிறகு அந்தக் கைகளுக்குச் சூடு தெரியவில்லை, குளிர் தெரியவில்லை, இன்னொருவர் கை தெரியவில்லை. மற்றபடி எல்லா வேலையும் செய்தன. எழுதின, பொத்தான் போட்டன, பாட்டுப் புத்தகத்தைப் புரட்டின. ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, எந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்லது என்று தெரிந்து வைத்திருப்பது மாதிரி, யாருடைய கை மரத்த கை என்றும் தெரிந்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கமிட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. சீட்டு எழுதிப் போடுவது, எதிர்ப்பவர்களை எண்ணுவது எல்லாம் அங்கே கிடையாது. சம்மதம் உள்ளவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும்; எல்லோரும் தூக்கிய பிறகு, தூக்கிய கை தூக்கியபடி இருக்க, போதகர் ஜெபம் பண்ணி முடிப்பார். ஆமென் சொன்ன பிறகுதான் கை இறங்கும். தான் பொறுப்புக்கு வந்ததிலிருந்து ஒருமனப்படாத தீர்மானம் ஒன்றுகூட இல்லை என்பது போதகருக்குப் பெரிய பெருமை. பக்கத்துச் சபைகளில் கதவடைப்பு, வழக்கு, அடிதடி என்று நாறிக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சபை மட்டும் அலை இல்லாத குளமாக இருந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த உபாயம் சுலபமானது. தலைவர் என்ற முறையில் அவர் கை தூக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் முதலில் அவர்தான் தூக்குவார். போதகரே தூக்கிவிட்டார் என்ற பிறகு யார்தான் கையை மடியில் வைத்துக்கொண்டிருப்பார்கள்? மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருந்தவர்களும் தூக்கிவிடுவார்கள்.

சபை ஒரு இல்லம் நடத்தியது. யாரும் இல்லாதவர்கள், இருந்தும் இல்லாத மாதிரி ஆனவர்கள், படுக்கையைவிட்டு எழ முடியாதவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். வார்டன் கெட்டிக்காரர்; ஆள் பத்தாததால் எல்லோரையும் குளிப்பாட்டுவதும் அவரேதான். விரிப்புகள் வெள்ளை வெளேரென்று இருக்கும். வராந்தாவில் மூத்திர வாடை வராது. பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பிடிக்காமல் உள்ளே போய்விட்டு, கண் கலங்கி, காணிக்கை போட்டுவிட்டுப் போவார்கள். அவர் கை கொடுத்தால் உள்ளங்கை இதமான சூட்டோடு இருக்கும். அந்தக் கையைப் பிடித்தவர்கள், இங்கே நம் ஆளை விட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்று நினைத்தார்கள்.

அந்த இல்லத்தில் பேச்சு வராத ஒரு பெண் இருந்தாள். தெருவைப் பார்த்த ஜன்னலோரக் கட்டில் அவளுடையது என்பதால் எல்லோரும் அவளை ஜன்னலக்கா என்றார்கள். தெருவில் யார் போனாலும் கையைத் தூக்கிக் காட்டுவாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் கையைத் தூக்குவாள், வேண்டாமென்றாலும் தூக்குவாள், சும்மாவும் தூக்குவாள். அவளுக்கிருந்த ஒரே வார்த்தை அதுதான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், ரொட்டிக் கடைக்காரர், தபால்காரர் எல்லோரும் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போவார்கள். அவளுக்கு ஒரே ஒரு தம்பி, கடைவீதியில் தையல்காரர். ஞாயிறு தவறாமல் வந்து, அவள் ரவிக்கைகளுக்குத் தானே கொக்கி தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் காலை ஜன்னலக்கா குளியலறையில் இறந்தாள். உடம்பைத் துடைத்துச் சேலை கட்டிவிட்ட சமையலம்மா நேராகப் போதகர் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "தோலு கையோட வருதுங்க பாஸ்டர்" என்றாள். "வார்டன் கொதிக்கிற தண்ணிய ஊத்தியிருக்காரு. கதவு மேல கை தெரிஞ்சுச்சு. தூக்கிக்கிட்டே இருந்துச்சு. நான் அடுப்புல வேலையா இருந்தேன். எப்பவும் போலத் தூக்குறாங்கன்னு நினைச்சுட்டேன்." போதகர் அவளை அமைதிப்படுத்தினார். ஆட்களை அமைதிப்படுத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. கமிட்டியில் இருந்த டாக்டர், இதயம் நின்றதால் மரணம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்; யாருக்குத்தான் இதயம் நிற்காமல் மரணம் வருகிறது? பாய்லர் பழசு, சூடு சீராக வராது என்று ஒருவர் சொன்னார். அந்த வார்த்தை விழுந்ததும் அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. வார்டனை ஏன் கூப்பிட்டு விசாரிக்கவில்லை என்று கேட்கத் தோன்றியவர்கள் இருந்தார்கள். வார்டன் போனால் அந்த விரிப்புகளை யார் வெளுப்பது என்ற யோசனை அதை முந்திக்கொண்டது. இல்லத்தின் பெயர் கெட்டால் அங்கே இருக்கும் மற்ற ஜீவன்கள் எங்கே போகும் என்று போதகர் உருக்கமாகப் பேசினார். பிறகு, புது பாய்லர் வாங்குவது, அதில் இறந்துபோன சகோதரியின் நினைவாக ஒரு பித்தளைப் பட்டை பதிப்பது என்று தீர்மானம் வாசிக்கப்பட்டது. போதகர் கையைத் தூக்கினார். எல்லோரும் தூக்கினார்கள். ஜெபம் கொஞ்சம் நீளமாகத்தான் போனது. ஆமென் சொல்லிக் கையை இறக்கியபோது, அது யாரோ ஒருவருடைய கை போல மடியில் வந்து விழுந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம், சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒருமனப்பட்டால் போதும். சமையலம்மாவுக்கு வேறு இடத்தில் வேலை பார்த்துக் கொடுத்தார்கள். போகும்போது அவள், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் பாஸ்டர்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். தையல்காரர் அடக்கத்துக்குப் பிறகு வந்து, அக்காவைக் கடைசிவரை தாங்கிய கை என்று போதகரின் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணீர் விரல் வழியாக ஓடுவதைப் போதகர் பார்த்தார். ஈரம் தெரியவில்லை.

கை மரத்ததை முதலில் கண்டுபிடித்தது அவருடைய மனைவிதான். பள்ளிக்கூட வாத்தியாரம்மா, யார் எதை ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுகிற கண். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தைப் போதகர் வெறுங்கையால் தூக்கி மேசைமேல் வைத்ததைப் பார்த்து, கையைத் தண்ணீர்க் குழாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"எதுக்குக் கை தூக்கினீங்க?"

"எல்லாரும் தூக்கினாங்க."

"மொதல்ல தூக்கினது யாரு?"

அவர் குழாயை மூடினார். அவள் மறுபடி கேட்கவில்லை. கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவர் சாப்பாட்டை ஆறவைத்து வைத்தாள். ஆற வைக்கிற பொறுமை இருந்தது, பேசுகிற மனம் இல்லை. அந்த வீட்டில் வருடங்கள் அப்படியே போயின.

ஊரும் பழகிக்கொண்டது. டாக்டர் இதை நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி, தனக்கும் சேர்த்து எல்லோருக்கும் ஒரே சத்து மாத்திரையை எழுதினார். பிறகு இடது கையால் நாடி பிடிக்கக் கற்றுக்கொண்டார். ஆர்கன் வாசிக்கிற அம்மா விரலைக் கண்ணால் பார்த்துப் பார்த்து வாசித்தார். பாட்டு கொஞ்சம் நிதானமானது, அதுவே பக்தியாக இருக்கிறது என்றார்கள். ரொட்டிக் கடைக்காரருக்கு யோகம் அடித்தது. அடுப்பிலிருந்து தட்டுகளைத் துணி இல்லாமல் வெறுங்கையால் இழுத்துப் போடுவார். அதைப் பார்ப்பதற்கென்றே கடைக்கு ஆள் வந்தார்கள். இது ஆண்டவர் கொடுத்த கிருபை என்று ஒருமுறை சபையில் சாட்சிகூடச் சொன்னார். இறந்துபோன உறுப்பினர் இடத்துக்குப் புதிதாக யார் வந்தாலும், முதல் கூட்டத்து ஜெபம் முடிந்து கையை இறக்கும்போது அவர் கையும் மரத்துவிடும். அதைப் பதவி வந்த அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். வலது கைக்கு மற்றவர் கை தெரியாததால் கமிட்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் இடது கையை நீட்டிக் குலுக்கிக்கொண்டார்கள். முதலில் அது மரியாதைக் குறைவாகத் தோன்றியது. போகப் போக, இடது கையை நீட்டுகிறவர் பெரிய மனுஷர் என்று ஆகிவிட்டது.

போதகருக்கு ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. திருவிருந்து கொடுக்கும்போது அப்பம் கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தெரியாது. குனிந்து பார்த்துக்கொள்வார். பாவத்தைப் பற்றியும் தீமையைப் பற்றியும் அவர் முன்போலவே நன்றாகப் பிரசங்கம் பண்ணினார். தீமைக்கென்று தனியாக ஒரு சரக்கு கிடையாது, விளக்கு இல்லாத இடத்தை இருட்டு என்கிறோம், அன்பு இல்லாத இடத்தைத் தீமை என்கிறோம், அவ்வளவுதான் என்பார். கேட்க ஆறுதலாக இருக்கும். பாய்லர் கோளாறு என்பதும் அதே ஆறுதல்தான். யாரும் செய்யவில்லை, ஏதோ ஒன்று இல்லாமல் போனதால் நடந்துவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் தையல்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கச் செத்துவிட்டது. கை, கால் ஒன்றுக்கும் உணர்ச்சி இல்லை. பேச்சு மட்டும் தப்பித்தது. கல்யாணம் ஆகாதவர், பார்த்துக்கொள்ள நாதி கிடையாது. கடைக்காரர்கள் சேர்ந்து போதகரிடம் வந்தார்கள். போதகர் வழக்கம்போல ஆகவேண்டியதைச் செய்தார். அக்கா இருந்த இல்லத்திலேயே, அக்கா இருந்த ஜன்னலோரக் கட்டிலே அவருக்கும் கிடைத்தது. அதற்காகத் தையல்காரர் எல்லோரிடமும் நன்றி சொன்னார். குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, வண்டியை நிறுத்தச் சொல்லி, பாய்லரில் இருந்த பித்தளைப் பட்டையைத் தொட்டுக் கும்பிட்டாராம். இதை வார்டன்தான் போதகரிடம் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்தச் சிரிப்புதான் போதகரை வார்டன் அறையில் உட்காரவைத்தது. மத்தியான வேளை. அறையில் ஒரு தூசு இல்லை. வார்டன் டீ போட்டார். போதகர் இத்தனை வருடம் கேட்காத கேள்வியை, பதில் தெரிந்தவர் கேட்கிற மாதிரி, பாதி சொல்லி நிறுத்தினார். "அன்னைக்கு அந்த பாய்லர்..."

"பாய்லர் நல்லாத்தான் இருந்துச்சு பாஸ்டர்" என்றார் வார்டன். "சர்க்கரை போடலாமா?"

போதகர் தலையாட்டினார். வார்டன் போட்டுக் கலக்கினார். "நான் கையை விட்டுப் பாத்தேன். என் கைக்கே தாங்கல. அப்புறம்தான் ஊத்துனேன்."

"ஏன்?"

வார்டன் யோசித்தார். மறைக்கிற யோசனை இல்லை. சரியாகச் சொல்ல வேண்டுமென்ற யோசனை. "எந்நேரமும் கையைத் தூக்கிக்கிட்டே இருந்தாங்க பாஸ்டர். எதுவரைக்கும் தூக்குவாங்கன்னு பாக்கணும்னு தோணுச்சு." பிறகு, கொஞ்சம் ஆச்சரியத்தோடு, "உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன். எல்லாரும் கை தூக்குனீங்களே" என்றார்.

கமிட்டியில் இல்லாததால் வார்டனின் கை மரக்கவே இல்லை என்பது போதகருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இல்லத்தை நடத்தியவர்களில் சூடு எது, குளிர் எது என்று துல்லியமாகத் தெரிந்த கை அது ஒன்றுதான். அன்பு இல்லாத வெற்றிடம் ஒன்றும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை. அதற்கு உடம்பு இருந்தது, பொறுமை இருந்தது, ஊற்றுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கிற ஒழுங்கு இருந்தது, டீயும் நன்றாகப் போட்டது. பயம் வரவேண்டும், கோபம் வரவேண்டும் என்று போதகர் காத்திருந்தார். எதுவும் வரவில்லை. டம்ளர் சரிந்து டீ கையில் கொட்டி, தோல் சிவப்பதை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். வார்டன் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். ஒன்று விடாமல், ஒரு அறிக்கை வாசிப்பது போலச் சொன்னார். அவள் பிள்ளைகளின் விடைத்தாள்களை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்து, "தையல்காரர் எந்தக் கட்டில்ல இருக்காரு?" என்றாள்.

"ஜன்னல் பக்கம்."

"அப்ப நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

அன்று சாயங்காலமே அவர் கமிட்டியைக் கூட்டினார். வார்டன் சொன்னதைச் சொன்னார். யாரும் அதிர்ச்சி அடையவில்லை, யாரும் பொய் என்றும் சொல்லவில்லை. ரொட்டிக் கடைக்காரர் தன் உள்ளங்கைத் தழும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்டனை நீக்க வேண்டும், நடந்ததைச் சபையிலும் போலீசிலும் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் வைத்துவிட்டு, போதகர் வழக்கம்போல முதலில் கையைத் தூக்கினார். வழக்கத்தை அந்த ஒரு நாள் நம்பினார், பாவம். ஒருவர் கையும் எழவில்லை. அந்தக் கைகள் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மடியில் இருந்தன.

கடைசியில் டாக்டர்தான் பேசினார். "பாஸ்டர், நம்ம கமிட்டில ஒருமனப்படாத தீர்மானம்னு ஒண்ணு இதுவரைக்கும் கிடையாது. நீங்க உண்டாக்கின பேரு அது. அதுக்காகவாவது கையை இறக்குங்க."

இறக்கலாம் என்றுதான் போதகரும் நினைத்தார் போல. கை இறங்கவில்லை. அவருக்கும் கைக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி அது மேலேயே நின்றது. மரத்த கை என்பதால் வலிக்கவும் இல்லை. ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். கடைசியாகப் போனவர், உள்ளே ஆள் இருப்பதை மறந்து விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கையோடு எப்படித் தூங்கினார், சட்டையை மனைவி எப்படி மாட்டிவிட்டாள் என்பதெல்லாம் ஊருக்குப் பிறகு தெரியவந்தது. காலையில் அவர் தூக்கிய கையோடு தெருவில் நடந்தார். போதகர் கை காட்டுகிறார் என்று நினைத்து எதிரே வந்தவர்கள் எல்லோரும் பதிலுக்குக் கை காட்டினார்கள். ஒரு பேருந்து தன்னைத்தான் நிறுத்துகிறார் என்று நின்றது. அவர் ஏறாததால் ஓட்டுநர் முணுமுணுத்துவிட்டுப் போனார். இல்லத்தின் அருகே வந்தபோது ஜன்னலில் தையல்காரர் இருந்தார். தெருவில் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து, அவர் தன்னுடைய நல்ல கையை, இடது கையை, தூக்கினார். அக்காவைப் போலவே தூக்கினார். போதகர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். மாட்டு வண்டியோ காரோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது, ஒன்றும் வரவில்லை.

உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பாய்லர் பழசாக இருந்தும் நன்றாகத்தான் வேலை செய்தது என்று சொன்னார். கதவுக்கு மேலே தெரிந்த கையைச் சொன்னார். பித்தளைப் பட்டை எதற்காக என்று சொன்னார். "மொதல்ல கை தூக்கினது நான்தான்" என்று சொன்னபோது தூக்கியிருந்த கை தானாக இறங்கியது. உணர்ச்சி திரும்பவில்லை. இறங்கியது, அவ்வளவுதான்.

தையல்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு பல நாள் அவர் யாரிடமும் பேசவில்லை, யாரையும் தன்னைக் குளிப்பாட்ட விடவில்லை. வாடை வர ஆரம்பித்தது. வாடை வராத இல்லத்தில் அது முதல் வாடை.

போதகர் போலீசுக்குப் போனார். அதிகாரி மரியாதையாக உட்காரவைத்துக் கேட்டுவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஒருமுறை படித்துவிட்டு, "ஆறின கஞ்சி பழங்கஞ்சிங்க ஐயா" என்றார். சமையலம்மாவைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அவள் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். எழுதியது இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நின்று சொன்னார். சனம் கேட்டது. பாட்டு எண் அறிவித்தார்கள், எழுந்து பாடினார்கள். மறு வாரம் மேலிடத்திலிருந்து அவரைத் தூரத்து ஊருக்கு மாற்றி உத்தரவு வந்தது. சண்டை சச்சரவு இல்லாமல் சபையை நடத்தியதற்காக அதில் பாராட்டும் இருந்தது.

அவர் போகவில்லை. அங்கியை மடித்துக் கொடுத்துவிட்டு, போதகர் வீட்டைக் காலி செய்து, இல்லத்துக்குப் பின் தெருவில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தார். மனைவியின் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது. தினமும் காலையில் இல்லத்துக்குப் போய், குளியலறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இனிமேல் இங்கே யாருக்கும் தண்ணீர் ஊற்றுவது தான்தான் என்றார். வார்டன் கோபப்படவில்லை. "தாராளமா பாஸ்டர், ஆள் பத்தாமதான் இருக்கு" என்று துண்டுகள் இருக்கும் இடத்தைக் காட்டினார். மறுநாளிலிருந்து கதவுக்கு இந்தப் பக்கம் போதகரும், அந்தப் பக்கம் வார்டனும் இருந்தார்கள். வெயில் காலம் போய் மழைக் காலம் போய் மறுபடி வெயில் காலம் வந்தது. போதகருக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அந்த முக்காலியில் வாத்தியாரம்மா உட்கார்ந்தாள், மடியில் விடைத்தாள் கட்டோடு.

வலது கை உதவாது என்பதால் அவர் இடது முழங்கையை வாளியில் விட்டுத்தான் சூடு பார்ப்பார், தாய்மார் கைக்குழந்தைக்குப் பார்ப்பது போல. பிறகு வலது கையால் ஊற்றுவார், தேய்ப்பார். முதுகில் புண் இருக்கிறதா என்று விரல் சொல்லாது. கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்ப்பார். ஒரு வேலை இரண்டு வேலையாகும். கிழவர்கள் திட்டுவார்கள். "பிரசங்கம் மாதிரியே குளியலும் நீளமாத்தான் இருக்கு" என்று ஒரு கிழவி சொன்னாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பும் பாதி மரத்ததுதான்.

ஒருநாள் தையல்காரர் ஜன்னலைப் பார்த்தபடியே, "நீங்களே ஊத்துங்க" என்றார். "ஆனா நீங்க ஊத்துறத நான் பாத்துக்கிட்டே இருப்பேன்." அப்படியே ஆயிற்று. போதகர் ஊற்றுவார், தையல்காரர் வாளியிலிருந்து குவளையையும், குவளையிலிருந்து போதகர் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருவருக்கு வலது பக்கம் செத்திருந்தது, இன்னொருவருக்கு வலது கை. தண்ணீர் நடுவில் போய்க்கொண்டிருந்தது.

தன் கையால் குளிப்பாட்ட யாரும் கிடைக்காமல் வார்டனுக்குச் சலித்திருக்க வேண்டும். வேறொரு ஊரில், இதைவிடப் பெரிய இல்லத்தில் வேலை கிடைத்துப் போனார். கமிட்டி கூடி, அவருடைய சேவையைப் பாராட்டிச் சான்று கொடுப்பதென்று ஒருமனதாகக் கை தூக்கியது. மாலை போட்டு அனுப்பினார்கள். போதகர் மறுநாளே பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனார். அந்த இல்லத்தின் தலைவரைப் பார்த்து, வந்திருப்பது யார் என்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனார். தலைவர் எழுந்து வந்து வரவேற்றார், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவர் குலுக்குவதற்காக இடது கையை நீட்டினார்.

போதகர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, சொல்ல வந்ததை முழுவதும் சொன்னார். சமையல்கட்டுக்குப் போய் அங்கே இருந்தவர்களிடமும், கட்டில் கட்டிலாகப் போய்க் காது கேட்கிறவர்களிடமும் சொன்னார். வெளியே பிடித்துத் தள்ளும்வரை சொன்னார். கடைசியாக ஒரு துணி வெளுக்கிற பெண் மட்டும், "குளிக்கிற ரூம் வாசல்ல உக்காந்தா போதுமா?" என்று கேட்டாள். "போதும், எந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பஸ்ஸில் திரும்பினார்.

மறுநாள் காலை வழக்கம்போலத் தையல்காரரை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பயண அசதியில் முழங்கை வைத்துப் பார்க்க மறந்துபோய், குவளைக்காக வலது கையை வாளிக்குள் விட்டார். விட்டவர் கையை வெடுக்கென்று எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டார்.

"சுடுது" என்றார்.

குரல் அவருக்கே புதிதாக இருந்தது. சூடு விரலிலிருந்து மணிக்கட்டு, மணிக்கட்டிலிருந்து தோள் என்று ஏறியது. அன்றைய சூடு மட்டும் ஏறவில்லை. மனைவி குழாயடியில் பிடித்த கொப்புளம், வார்டன் அறை டீ, இத்தனை வருடம் தெரியாமல் சுட்டதெல்லாம் வரிசை தப்பாமல் வந்தது. தையல்காரர் அன்று ஒற்றிய கண்ணீரின் ஈரமும் வந்தது. போதகர் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார், சத்தமாக, மூக்கு ஒழுக. வலித்தது, அதனால் அழுதார்.

தையல்காரர் அந்தச் சிவந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்காவுக்கு இதவிட அதிகமா சுட்டிருக்கும், இல்ல?"

"ஆமா" என்றார் போதகர்.

"ம்" என்றார் தையல்காரர். தன் நல்ல கையை நீட்டி, போதகரின் வலது கையைப் பிடித்து, கிழிந்த துணியைப் புரட்டிப் பார்ப்பது போல உள்ளங்கையையும் புறங்கையையும் புரட்டிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டு, "கொஞ்சம் பச்சத் தண்ணி கலந்துட்டு ஊத்துங்க" என்றார்.

போதகர் எழுந்து பச்சைத் தண்ணீர் கலந்தார். வலது கையை விட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் கலந்தார். கமிட்டிக்காரர்கள் இன்றைக்கும் இடது கையைத்தான் குலுக்கிக்கொள்கிறார்கள். ரொட்டிக் கடையில் கூட்டம் குறையவில்லை. பித்தளைப் பட்டையை யாரும் கழற்றவில்லை. போதகரின் கை அன்று முழுக்க வலித்தது, மறுநாளும் வலித்தது, வலி நிற்க வேண்டும் என்று அவர் ஜெபம் பண்ணவில்லை. அவருக்குக் கை திரும்பிவிட்டதாம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், மழை வரும் போலிருக்கிறது என்று பேசுவது போல. குளியலறைக்கு வெளியே அடுத்தவர் துண்டோடு காத்திருந்தார்.